குரல் போன ஐயரும் அடுத்து வந்தவரும்

எங்கள் பக்கத்தில் வேதக்கோயிலின், அதாவது கிறிஸ்தவக் கோயிலின், போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவர் மனைவி ஐயரம்மா. நான் அந்தக் கோயிலைச் சேர்ந்தவள் இல்லை. குளத்தூர்ப் பக்கம் நிலக்கடலை பயிரிடும் ஒரு சம்சாரி வீட்டில் பிறந்து, எட்டாவது வரை படித்து, கட்டிக்கொடுத்த இரண்டாவது வருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். புதுக்கோட்டை சமஸ்தானம் போய் திருச்சி ஜில்லாவோடு எங்கள் ஊர் சேர்ந்த சமயம் அது. ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நான் வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டின் பின்கட்டில் கிடந்தேன்.

கோயிலைச் சேர்ந்த ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியாரம்மா வேண்டியிருந்தது. ஐயரம்மாவே எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கேட்டார். அண்ணன் யோசித்தார். "வேதத்துல சேத்துருவாங்களோன்னு பயமா இருக்கும்மா" என்று வெளிப்படையாகவே சொன்னார்.

"பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்குடுக்க ஆள் வேணும். அதுக்குத்தான் கூப்பிடுறேன். மத்தது அவுங்க இஷ்டம்" என்றார் ஐயரம்மா.

சொன்னபடியே இருந்தார்கள். அந்தக் கோயிலில் எத்தனையோ வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளும் யாரும் என்னை எதிலும் சேரச் சொன்னதில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை பாட்டுச் சத்தம் கேட்டு வாசலில் போய் நின்றேன். ஐயரம்மா என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "ஏன் அங்கிட்டு நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். புருஷன் போன பிறகு என் கையை யாராவது அப்படிப் பிடித்தது அன்றைக்குத்தான்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். ஒரு ஞானஸ்நானத்தன்று, பிள்ளைக்குத் தண்ணீர் தெளிக்கும் நேரம் வரை யாராவது வைத்திருக்க வேண்டும் என்று ஐயர் அந்தப் பச்சைக்குழந்தையை வாங்கி என் மடியில் வைத்தார். என் அண்ணன் பிள்ளையின் காதுகுத்துக்கே என்னை முன்னால் வரவிடவில்லை. குழந்தையின் தாயைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். குழந்தை என் சேலையை நனைத்துவிட்டது. அன்று முழுவதும் அந்தச் சேலையை நான் மாற்றவில்லை.

ஐயருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. கறுத்து, உயர்ந்து, சைக்கிளில் ஏறினால் சைக்கிள் சின்னதாகத் தெரியும். அவருடைய சொத்து அவருடைய குரல்தான். செம்மண் பாதையில் பாடிக்கொண்டேதான் சைக்கிள் மிதிப்பார். கண்மாய்க்கரையில் அவர் வரும்போதே, "ஐயர் வாராரு" என்று வயலில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பஜாரில் அரிசிக்கடை வைத்திருந்த ராவுத்தர், அவர் பாடிக்கொண்டு போனால் தராசை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவர் கோயில் வேறு, இவர் பள்ளிவாசல் வேறு. அதனால் என்ன, கேட்பார்.

ஒரு மார்கழியில் அவருக்குத் தொண்டை கட்டியது. பனி என்றார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வீடு வீடாகப் பாடிப் போனதால் வந்தது என்றார்கள். அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு போட்ட பால் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாசி போய்ப் பங்குனி வந்தும் குரல் திறக்கவில்லை. உலர்ந்த ஓலையை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பாதியில் நின்று தண்ணீர் குடிப்பார். பிறகு நிற்பது அதிகமாகிப் பேசுவது குறைந்தது.

புதுக்கோட்டை டாக்டர் பார்த்துவிட்டு வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். புற்று. குரல் இருக்கும் இடத்தையே எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார்களாம்.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் திரும்பி வந்த அன்று சபையார் எல்லோரும் பஸ் நிற்கும் இடத்தில் கூடியிருந்தோம். ராவுத்தரும் கடையை விட்டு வந்து நின்றார். ஐயர் மெலிந்து இறங்கினார். கழுத்தில் மூச்சுக்காகத் திறந்த துளையை மறைத்து வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. "வாங்கய்யா, நல்லாருக்கீங்களா?" என்று ராவுத்தர் கேட்டார். ஐயர் பழக்கத்தில் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. கழுத்துத் துணிக்கு அடியிலிருந்து 'புஸ்' என்று காற்று மட்டும் வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு கையைக் கூப்பினார். ராவுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார்.

அதற்குப் பிறகும் சில மாதம் அவர்தான் எங்கள் ஐயர். பிரசங்கத்தை எழுதுவார், ஐயரம்மா வாசிப்பார். முதல் ஞாயிறே ஒரு பெரியவர், "பொம்பளை பிரசங்க மேடையில ஏறுறது எங்கயும் இல்லாத வழக்கமா இருக்கே" என்றார். ஐயர் அவரைப் பார்த்தார். மேடைப் படியிலிருந்து இறங்கி வந்து, முன் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் நின்றார். ஐயரம்மாவைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். மேடை காலியாக இருந்தது. ஐயரம்மா வாசித்தார். அந்தப் பெரியவர் அடுத்த ஞாயிறும் வந்தார், உட்கார்ந்து கேட்டார்.

ஆனாலும் அப்படியே ஓட்ட முடியாதல்லவா? கலியாணம், சாவு, கிராமங்களுக்குப் போவது எல்லாவற்றுக்கும் பேசுகிற ஆள் வேண்டும். சபையின் தலைமையிடத்திலிருந்து புது ஐயரை நியமித்தார்கள். அப்படியென்றால் கோயில் வளவுக்குள் இருக்கும் ஐயர் வீட்டை இவர்கள் காலி செய்ய வேண்டும். ஐயரம்மாவுக்குத் தெற்கே திருநெல்வேலிப் பக்கம். பெற்றவர்கள் இல்லை. ஐயருக்கும் சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை.

புது ஐயர் வந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். ஐயரம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார், நான் வைக்கோல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும் அவருக்கு. இன்னும் கலியாணம் ஆகவில்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை. வாசலில் நின்று சாக்கைப் பார்த்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"இன்னும் தெரியல தம்பி. ஆனா இனிமே இது ஒங்க வீடுல்ல?"

அவர் என்னைப் பார்த்து, "டீச்சர், பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க போனதுக்கப்புறம் ஒரு ரூம் சும்மாத்தானே இருக்கும்?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். படுக்கையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார். ஐயரம்மா பின்னாலேயே ஓடினார். "தம்பி, அது சரிப்படாது தம்பி." அவர் திரும்பவில்லை.

அப்படித்தான் ஒன்றாம் வகுப்பு அறையில் அவர் குடியிருந்தார். காலையில் நான் போகும்போது படுக்கையைச் சுருட்டி மூலையில் வைத்து, தரையைக் கூட்டிவிட்டு வெளியே நிற்பார். சாப்பாடு ஐயரம்மா கையால். தலைமையிடத்திலிருந்து மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தபோது, "இது முறையில்லையே" என்று கடிந்துகொண்டார். "முறையில்லதாங்கய்யா" என்றார் புது ஐயர், தலையைக் குனிந்துகொண்டு. அவ்வளவுதான். அதிகாரி போன பிறகும் படுக்கை அதே மூலையில்தான் இருந்தது.

நல்லவர், ஆனால் பாட்டு வராது. ஒரு சுருதியில் ஆரம்பித்து வேறெங்கோ போய் நிற்பார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்ளும். முதல் ஞாயிறு அதைக் கேட்டுக்கொண்டு பழைய ஐயர் உட்கார்ந்திருந்தார். அவர் கை பெஞ்சின் மேல் தாளம் போட்டது, பிறகு நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு அவர் கோயிலுக்கு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் எழுதிப் பேசுவதற்காக நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிலேட்டு கொடுத்திருந்தேன். ஒருநாள் ஐயரம்மா அதை என்னிடம் காட்டினார். 'என்னிடம் இருந்தது சத்தம் மட்டும்தான் போலிருக்கிறது' என்று எழுதியிருந்தது. "இதுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?" என்று கேட்டார். சேலை முந்தானையால் சிலேட்டைத் துடைத்து உள்ளே எடுத்துப் போனார்.

புது ஐயர் தினமும் சாயங்காலம் போய் அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்காருவார். இருவரும் வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடியும் நேரம். கடைசி ஆசீர்வாதத்துக்காக எல்லோரும் எழுந்து நின்றோம். புது ஐயர் கையை உயர்த்தியவர் இறக்கிவிட்டார். மேடையிலிருந்து இறங்கி, நடுவழியே நடந்து, வாசலைத் தாண்டி வெளியே போனார். என்னவோ ஏதோ என்று முதலில் பிள்ளைகள் பின்னால் போனார்கள், பிறகு எல்லோரும் போனோம். அவர் நேரே வேப்பமரத்தடிக்குப் போய், கட்டிலுக்கு முன்னால் வெள்ளை அங்கியோடு மண்ணில் முழங்கால் போட்டார்.

"ஆசீர்வாதம் நீங்கதாங்கய்யா குடுக்கணும்" என்றார்.

பழைய ஐயர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கையால் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். புது ஐயர் எழுந்திருக்கவில்லை. நாங்களும் ஒவ்வொருவராக அந்தச் செம்மண்ணில் முழங்கால் போட்டோம். பொம்பளை பிரசங்கம் பண்ணுவதைக் குறை சொன்ன அந்தப் பெரியவரும் மூட்டுவலியோடு உட்கார்ந்தார். கடைசியில் பழைய ஐயர் எழுந்து நின்றார். ஒரு கையை உயர்த்தினார். உதடு அசைந்தது. கழுத்துத் துணி மூச்சுக்கு மூச்சு மேலெழுந்து தணிந்தது. ஒரு சத்தமும் இல்லை. அவர் எங்கே முடித்தார் என்று எப்படித் தெரிந்ததோ, எல்லோரும் ஒன்றாக ஆமென் என்றோம். நானும்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வந்தார். ஞாயிறுதோறும் ஆசீர்வாதம் அவருடையது.

அது ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. புற்று திரும்பவும் வந்துவிட்டது. கஞ்சி இறங்கவில்லை. ராவுத்தர் ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் வரவழைத்து, அவர் வீட்டில் சாறு வைத்துக் கொடுத்தனுப்புவார். அதைத் துணியில் நனைத்து உதட்டில் வைப்போம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, ஐயரம்மா அவர் தலையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது.

கல்லறைத் தோட்டம் கண்மாய்க்குக் கீழே. குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. சபையில் இருந்தவர்களும் இல்லாதவர்களும் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். என் அண்ணனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். புது ஐயர் அடக்க ஆராதனையை ஆரம்பித்தார், பாதியில் அழுதுவிட்டார். மழை பெய்துகொண்டே இருந்தது. ஐயரம்மா குடையை விட்டு வெளியே வந்து, அவர் கையிலிருந்த நனைந்த புத்தகத்தை வாங்கி, மீதி ஜெபத்தை வாசித்து முடித்தார். குரல் நடுங்கவே இல்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நானும் ஐயரம்மாவும் மட்டும் அடுப்படியில் இருந்தோம்.

"ஒங்களுக்கு அன்னைக்கு என்னெல்லாம் செஞ்சாங்க?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். பூவை வைத்துவிட்டு எடுத்தது, வளையலை உடைத்தது, உடைந்த துண்டு மணிக்கட்டில் கீறியது, தாலியை அறுத்தபோது கூட்டத்தில் யாரோ என் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. ஐயரம்மா என் மணிக்கட்டைப் பார்த்தார். காலையிலிருந்து அழாத மனுஷி அப்போது அழுதார். என் கையை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அழுதார். தனக்காக அழுகிறாரா எனக்காக அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் நானும் என் புருஷனுக்காக முழுசாக அழுது முடித்தேன் என்று நினைக்கிறேன்.

தை பிறந்ததும் அவர் கிளம்பினார். தெற்கே ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் மேற்பார்வைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். புது ஐயர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நீங்க இங்கயே இருங்கம்மா. எனக்குப் பள்ளிக்கூடமே பழகிருச்சு."

"பழகக் கூடாது தம்பி. கல்யாணம் பண்ணிக்கிட்டு இந்த வீட்டுல விளக்கேத்துங்க. போதகர் வீடு பூட்டிக் கிடந்தா சனங்க எங்க போவாங்க?"

பஸ் ஏறும்போது என் கையை ஒருதரம் பிடித்துவிட்டு விட்டார். இரண்டு பேருக்கும் தெரியும், திருநெல்வேலி தூரம்.

புது ஐயர் கலியாணம் செய்துகொண்டார். அவர் மனைவியும் நல்ல பெண்தான். ஐந்தாறு வருஷம் இருந்துவிட்டு அவர்களும் பொன்னமராவதிப் பக்கம் மாற்றலாகிப் போனார்கள். பிறகு வந்த ஐயர்மார் எல்லோரும் நன்றாகவே நடந்துகொண்டார்கள். ஒருவரையும் குறை சொல்ல முடியாது.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் மத்தியானம், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது புது ஐயர் வாசலில் வந்து நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. இத்தனை தூரம் பஸ் மாறி வந்திருக்கிறார் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது.

"ஐயரம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க டீச்சர். அடக்கத்துக்குப் போயிட்டு நேரா இங்கதான் வாரேன். ஒங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றார்.

பிள்ளைகளை வெளியே விளையாட விட்டேன். அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். "விடுதிப் பிள்ளைங்க எல்லாம் நின்னு பாடுச்சுங்க. நான் பாடல, கேட்டுக்கிட்டு நின்னேன்" என்றார். அண்ணன் வீட்டிலிருந்து காபி வரவழைத்துக் கொடுத்தேன். குடித்தார். சாயங்கால பஸ் வரும்வரை கூட இருந்தேன். அவர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கையைக் கூப்பினார். பஸ் கீரனூர் ரோட்டில் திரும்பியதும் நான் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.