சிலாபம் டிக்கெட்

பாலாவிச் சந்தியில் கொழும்பு பஸ் முழுதாக நிற்காது. கொண்டக்டர் வாசலில் தொங்கியபடி, "சிலாபம், கொழும்பு மட்டும்!" என்று கத்துவார்; கிட்டத்தில் இறங்குபவர்களை ஏற்ற மாட்டார். "சிலாபம்தான்!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, சின்னம்மா முறையான என் சாச்சி தாவி ஏறுவார். அவர் இறங்குவதோ கால்வாசி வழியில், மதுரங்குளியில். அங்கே ஒரு முன்பள்ளியில் படிப்பித்தார். இனியும் பிந்தினால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்; அதனால் சிலாபம் வரை காசு கொடுத்தாவது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. காலியாகும் சீட்டை மறுபடி விற்கலாம் என்பதால் கொண்டக்டரும் தெரியாத மாதிரி இருந்துவிடுவார். சந்தியில் நின்ற பாதிப் பேர் இப்படித்தான் ஏறினார்கள். நான் எதிர்ப்பக்கம் புத்தளம் பஸ்ஸுக்கு நிற்பவள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மதுரங்குளி வரை ஒரு சின்ன பஸ் விடுங்கள் என்று ஊரார் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு போக்குவரத்து அதிகாரி ஊர்க் கூட்டத்துக்கு வந்தார். "டிக்கெட்டப் பார்த்தா எல்லாரும் சிலாபத்துக்கும் அங்காலயும்தானே போறீங்க? கிட்டத்துல எறங்க ஆளில்லாம எப்படி பஸ் விடுற?" என்றார். எங்கள் பொய்யை வைத்தே எங்கள் பயணத்தை அளந்திருக்கிறார்கள். அந்த மனிதரைத் திட்டவும் வழியில்லை.

சாச்சி எழும்பினார். "நான் மதுரங்குளியில எறங்குற ஆள். சிலாபம் டிக்கெட்டோடதான் எறங்குற. என்னப் போல உள்ளவங்க கைய உசத்துங்க."

கொண்டக்டர் சுவரோரம் நின்று, யார் கை உயர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் சாச்சியோடு ஏறியவர்கள் அத்தனை பேரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். ஒரு கைகூட எழவில்லை. சின்ன பஸ் கதை அத்தோடு முடிந்தது.

இப்போது அந்த வழியில் குளிரூட்டிய பஸ்கள் பறக்கின்றன. தூரப் பயணம் சுகமாகிவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்தச் சந்தியில் இன்றும் கால் தரிப்பதில்லை. கூட்டத்துக்கு மறுநாள் காலை வீதிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தது அப்படி.

"சிலாபம்!" என்று கத்திக் கத்தி எல்லாரும் ஏறினார்கள். சாச்சியும் காலை வைத்தார். கொண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டினார். "டீச்சர் மதுரங்குளிதானே? பின்னால வாற பஸ்ல வாங்க."

பின்னால் வரும் எந்த பஸ்ஸும் மதுரங்குளிக்கு ஆள் ஏற்றாது என்று அவருக்கும் தெரியும். பஸ் நகர்ந்தது. உள்ளே ஜன்னலோரம், கூட்டத்தில் கை உயர்த்தாத சாச்சியின் கூட்டாளி டீச்சர் ஒருத்தி, பக்கத்து சீட்டில் தன் பையை வைத்து, சாச்சிக்காக இடம் பிடித்து வைத்திருந்தாள்.