தேவாங்கின் பிடி

திண்டுக்கல்லில் நான் மாட்டு டாக்டர். ஆடு, மாடுதான் பிழைப்பு. ஒருநாள் காலையில் எரியோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் பூக்கூடையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே பூ இல்லை, தேவாங்கு. புடலைப் பந்தலின் நைலான் வலையில் பின்னங்கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கியதாம்.

“எலும்பு முறிஞ்சிருச்சுன்னு நெனச்சேம்மா. ஆட்டுக்குக் கட்டுறாப்புல மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டிட்டேன்.”

“நல்லாக் கட்டுனீக போங்க! ரத்தம் எப்படி ஓடும்?” என்று எரிந்து விழுந்தேன். கையகல உயிர் அது. அந்தக் கண்களைப் பார்த்ததும் கோபமெல்லாம் புஸ்ஸென்று போய்விட்டது.

கட்டை அவிழ்த்து எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பு முழுசாக இருந்தது. தொடைத் தசைதான் நைந்து வீங்கியிருந்தது. நல்ல காலருகே சுண்டுவிரலை நீட்டினேன், கப்பென்று பிடித்தது. அடிபட்ட காலருகே நீட்டினேன். விரல்கள் விரிந்தே கிடந்தன. பிடி இல்லாத தேவாங்கு மரத்தில் எப்படித் தங்கும்? வனத்துறைக்குத் தகவல் கொடுத்தேன். பிடி திரும்பாவிட்டால் ஆயுளுக்கும் கூண்டுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்து, இருட்டுக் கூண்டு, ஓய்வு. வீக்கம் வடிந்தபின் கூண்டுக்குள் குறுக்கே ஒரு கிளை. யாரோ வாழைப்பழத்தோடு வேடிக்கை பார்க்க வந்தார்கள். விரட்டிவிட்டு, பூச்சி தின்னும் அதற்கு வெட்டுக்கிளிக்கு ஏற்பாடு செய்தேன். தினமும் சுண்டுவிரலை நீட்டினேன். காட்டு உயிரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது, மனிதருக்குப் பழகிவிடும். ‘பிடி அப்பு, கொஞ்சூண்டு பிடி’ என்று மனசுக்குள்ளேயே கெஞ்சினேன். வீட்டில் சோறு பிசையும்போதுகூட அதே நினைப்பு.

ஒருநாள் பிடித்தது. முதலில் லேசாக, பிறகு விடவே மாட்டேன் என்பதுபோல. ஐயோ, எவ்வளவு சந்தோஷம்! அந்த நொடியிலேயே இன்னொன்றும் உறைத்தது. பிடித்துவிட்டால் அனுப்பிவிட வேண்டுமே. அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், வேண்டுமென்றே மெதுவாக.

பொழுது சாயும் நேரத்தில், அது சிக்கிய புடலைத் தோட்டத்துக்கு அடுத்த காட்டோரத்து உசிலை மரத்தில் நானும் வனத்துறைக்காரர்களும் விட்டோம். நான்கு காலாலும் கிளையைப் பற்றிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் இலைக்குள் போய்விட்டது.

இப்போதும் அந்தப் பக்கத்து வனக்காவலருக்குப் போன் போடுவேன். “தேவாங்கு ஏதும் கீழ விழுந்து கெடந்துச்சா?”

“இல்லம்மா. கண்ணுலயே படல.”

“அப்பாடா” என்பேன். எனக்கு வேண்டிய பதில் அதுதான். மரத்தில் நன்றாக இருந்தால் அது யார் கண்ணிலும் படாது. ஆனாலும் போனை வைத்ததும், ஒரே ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்று இருக்கிறது.