ஷூ கடிக்கிற வரைக்கும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுக்கிற பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து, காலையில் போனால் சாயங்காலம் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு மாவை அப்பிக்கொண்டு வருகிறவளை யார் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்? மாவு என்றே ஆகிப்போனாள். கட்டின புருஷனும் மாவு என்றான். மளிகைக் கடைக்காரர், "மாவு, இன்னிக்கு மாவு வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அவளும் போனால் போகட்டும் என்று சிரித்து வைப்பாள்.

அந்த மாவுக்குத்தான் கடல் தாண்டிப் போய்ப் படிக்க இடம் கிடைத்தது. கால் செய்கிற வேலையையே இன்னும் நன்றாகச் செய்யச் சொல்லித் தருகிற படிப்பு. கல்யாணம் ஆகி, ஒன்றாம் வகுப்புப் போகிற பிள்ளையும் இருக்கிறவளுக்கு இனிமேல் என்ன படிப்பு என்று கேட்டவர்கள் உண்டு. கேட்கட்டும். வாய் அவர்களுடையது, படிப்பு இவளுடையது. போக ஆசைப்பட்டாள், போனாள். அதில் ஒரு தப்பும் கிடையாது. தப்பு நடந்ததெல்லாம் வாசலில்தான்.

பிள்ளையை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். அம்மா எங்கே போகிறாள், எத்தனை நாள் வரமாட்டாள் என்பதை வாலுவிடம் சொல்ல வேண்டாம் என்று பெரியவர்கள் எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். யோசனை நாத்தனாருடையது. புருஷனுக்கு அக்கா, கூடவே இருக்கிறவள். "இப்பவே சொன்னா அழுது தெருவைக் கூட்டிடும். நீ முதல்ல கிளம்பு. அப்புறமா நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றாள். பக்குவம் என்கிற சாமான் நாத்தனாரிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் எல்லாரும் தலையாட்டினார்கள். மாவும் ஆட்டினாள்.

பிள்ளை கண்ணில் படக் கூடாது என்று பெட்டியை முதலிலேயே தெருமுனைக்குக் கொண்டுபோய் ஆட்டோவில் வைத்துவிட்டான் புருஷன். மாவு தினமும் பட்டறைக்கு எடுத்துப்போகிற அதே தோள்பையை மாட்டிக்கொண்டு, தினமும் சொல்கிற அதே மாதிரி, "அம்மா போயிட்டு வரேன்" என்றாள்.

வேறு என்ன சொல்லுவாள்? போறேன் என்று யாராவது சொல்லுவார்களா? வாசலைத் தாண்டுகிறவள் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்தால் கேட்கிறவர்கள் அபசகுனம் என்று பதறுவார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் போயிட்டு வரேன்தான். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது படுத்திருக்கிறவன் சொல்வதும் அதுதான்.

வாலு கேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. "வர்றப்ப வாசனை ரப்பர் வாங்கிட்டு வா."

"சரிடி தங்கம்."

அவ்வளவுதான் பேச்சு.

போய் இறங்கின ஊரில் எல்லாமே தானாக நடந்தது. அவள் தங்கின அறையின் கதவு கனமான கதவு. கையை விட்டால் தானே சாத்திக்கொண்டு தானே பூட்டிக்கொள்ளும். வந்த அன்றே சாவியை உள்ளே வைத்துவிட்டுக் குளிக்கப் போய், ஈரத்தலையோடு நடையில் நின்றாள். தட்டலாம்தான், தட்டினால் திறக்க உள்ளே யார் இருக்கிறார்கள்? காவல்காரர் வந்து திறந்துவிட்டு, இது ஒரு விஷயமே இல்லை என்கிற மாதிரி போனார். எல்லாருக்கும் பொதுவான சமையலறையில் விளக்கும் அப்படியே. ஆள் அசைந்தால்தான் எரியும். பருப்பு வேகட்டும் என்று சும்மா நின்றாளோ இல்லையோ, அணைந்துபோகும். கரண்டியைத் தூக்கி ஆட்டினால் திரும்ப எரியும். தனியாக நின்று கரண்டியை ஆட்டிக்கொண்டிருக்கிற தன் கோலத்தை வாலு பார்த்தால் எப்படிச் சிரிக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் வாலு பார்க்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. போனுக்கே வரவில்லை.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கினது. அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்றால் வீட்டில் சாயங்காலம். அந்த நேரம் பார்த்துப் போன் போட்டாள்.

"எங்க அவ?"

"கேட்டுல நிக்குது" என்றாள் நாத்தனார். "உங்கம்மா பேசுறா வாடின்னா, எங்கம்மா வருவா, நான் எதுக்குப் பேசணும்னு கேக்குது. உன் பொண்ணாச்சே, அழுத்தம் அப்படியே இருக்கு."

"நீங்க சொன்னீங்களா அண்ணி? பக்குவமா சொல்றேன்னீங்களே."

"சொன்னேனே. உங்கம்மா இப்ப வரமாட்டாடீன்னு சொன்னேன். கையைக் கடிச்சு வச்சிருச்சு."

செவ்வாய்க்கிழமையும் இதே கதை. வாலு பள்ளிக்கூடம் விட்டு வந்து, யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் கேட்டுக்குப் போய்விடுகிறது. விளக்கு வைத்த பிறகுதான் உள்ளே வருகிறது. பெரிய அழுகை எதுவும் இல்லை. அழுதிருந்தால் மாவுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

புதன்கிழமை பட்டறை வகுப்பு. சொல்லித் தருகிற அம்மா நல்ல உயரம். வாசல் நிலையில் தலை இடிக்குமோ என்று பார்க்கிறவர்களுக்குத்தான் பயமாக இருக்கும். மாவு மனசுக்குள் நெட்டை டீச்சர் என்று வைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒரு லாரி டிரைவர் வந்திருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அந்தக் காலுக்கு அச்சு எடுக்கும் வேலையை மாவிடம் கொடுத்தார்கள். மாவில் தோய்த்த ஈரத் துணியைச் சுற்றி, அது இறுகுகிற வரைக்கும் இரண்டு கட்டைவிரலாலும் முட்டிக்குக் கீழே அழுத்திப் பிடித்து, இறுகினதும் உருவி எடுத்தாள். நன்றாகவே வந்தது. டிரைவரிடம் அந்த ஊர் மொழியில் நாலு வார்த்தை பேசினாள். ஒரு வருஷம் சாயங்கால வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட மொழி. இலக்கணம் சரியாக இருக்கும், உச்சரிப்புக்குத்தான் ஆண்டவன் துணை வேண்டும்.

மணி அடித்தது. கையைக் கழுவினாள். ஒரு மனுஷரை உட்கார வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போக முடியுமா? வாயில் இருந்ததை அப்படியே அந்த மொழியில் திருப்பி, "இப்ப போறேன், திரும்பி வரேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலையில் நெட்டை டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நேத்து எங்க போனே?"

"அறைக்கு."

"அந்த டிரைவர் உனக்காக உட்கார்ந்திருந்தார். அச்சு எடுத்தாச்சு, நீங்க கிளம்பலாம்னு நாங்க சொல்லியும் கேக்கலை. அந்தப் பொண்ணு திரும்பி வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு, ஏதோ பாக்கி இருக்கும்னுட்டார். ஆஸ்பத்திரி வண்டியும் போயிடுச்சு. மழையில ஊன்றுகட்டையோட பஸ்ல போனார். வராதவ எதுக்கு வரேன்னு சொல்லணும்?"

மாவுக்கு முகம் வெளுத்துப்போனது. "எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம் டீச்சர். வெறுமனே போறேன்னு சொல்ல மாட்டோம். அது நல்லாயிருக்காது."

"சரி. நிஜமாவே திரும்பி வர்றதா இருந்தா என்ன சொல்லுவீங்க?"

"அதையேதான்."

"அப்போ வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்" என்றாள் மாவு. சொல்லி வாயை மூடவில்லை, வாலு நினைவுக்கு வந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்று நிற்கிறதே, அதற்குத் தெரிந்ததா?

நெட்டை டீச்சர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் ரொம்பத் திட்டிவிட்டோமோ என்று நினைத்தார். "பரவாயில்லை, நாளைக்கு வருவார், நீயே பேசிக்கோ" என்று விட்டுவிட்டார்.

அன்று மத்தியானம் மாவு போன் போடவில்லை. போட்டு என்னத்தைச் சொல்வது?

வெள்ளிக்கிழமை டிரைவர் வந்தார். செயற்கைக் காலின் மேல் பாகமாக, அச்சை வைத்துச் செய்த கிண்ணத்தில் காலை நுழைத்துப் பார்க்கிற நாள். மாவு குனிந்து வார்களை மாட்டிக்கொண்டே, "அன்னிக்கு உங்களைக் காக்க வச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க" என்று காரணத்தையும் சொன்னாள்.

டிரைவர் பரவாயில்லை என்று தலையசைத்தார். "நான் லாரி ஓட்டினவன். காத்திருக்கிறது எனக்குப் புதுசில்ல. சரக்கு இறக்கப் பொழுது சாயும்னு சொல்லிட்டா, சீட்டைச் சாய்ச்சுப் போட்டுத் தூங்கிடுவேன். இதோ வந்துட்டேன்னு சொல்லிட்டுப் போறான் பாரு, அவன்தான் கழுத்தறுக்கிறவன். தூங்கவும் முடியாது, டீ குடிக்கப் போகவும் முடியாது."

மாவு வாரை இழுத்த கை அப்படியே நின்றது.

"இறுக்கிட்டே, கொஞ்சம் தளர்த்து" என்றார் டிரைவர்.

தளர்த்தினாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, ஓர் அடி வைத்தார். முட்டிக்குக் கீழே உறுத்துகிறது என்றார். அந்த இடத்தில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது டிரைவர் குறும்பாக, "இப்ப என்ன சொல்லப் போறே?" என்று கேட்டார்.

போறேன் என்று சொல்லவில்லை அவள். எந்த ஊருக்குப் போனால்தான் என்ன, அந்தச் சொல் அவள் வாயில் வராது, வரவும் வேண்டாம். "இன்னிக்கு வேலை முடிஞ்சுது. இனி செவ்வாய்க்கிழமைதான் இங்க இருப்பேன். நீங்க வண்டியைப் பிடிங்க" என்றாள்.

"இது புரியுது" என்றார் அவர்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே படிக்கட்டில் போய் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள். புருஷன் எடுத்தான். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன், பொறுமைக்காரன். அவன் குரலே அன்றைக்கு ஓய்ந்திருந்தது.

"நேத்து ஏன் பேசலை? அவ கேட்டை விட்டு வரலை மாவு. சாதத்தை அங்கயே கொண்டுபோய் ஊட்டினேன். நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அடுத்த வாரம் வந்துடுவேன்னு சொல்லிடு. மனசு சமாதானமாயிடும்."

"அடுத்த வாரம் வந்தப்புறம்?"

"அதுக்கு அடுத்த வாரம்னு சொல்லிக்கலாம். குழந்தைதானே."

"முடியாது."

"பின்ன என்னதான் பண்றது? படிப்பு வேண்டாம், கிளம்பி வரேங்கிறியா?"

கிளம்பிவிட்டால்தான் என்ன என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. வியாழக்கிழமை முழுக்க அதே யோசனைதான். ஆனால் அதுவும் ஒரு பொய்யைக் காப்பாற்றப் போகிற மாதிரிதான் இருந்தது. "போனைக் கேட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அவ பேச வேண்டாம். பக்கத்துல வச்சா போதும்" என்றாள்.

அவன் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு தெருச் சத்தம். ஒரு சைக்கிள் மணி. கேட்டின் கீல் கிறீச்சென்றது. அதற்கு எண்ணெய் போடச் சொல்லி எத்தனை நாள் சொல்லியிருக்கிறாள்.

"வாலு, அம்மா பேசுறேன்டி. அன்னிக்குப் போயிட்டு வரேன்னு சொன்னேன்ல? அன்னிக்கே வர்ற மாதிரி சொல்லிட்டேன். அப்படி வர மாட்டேன்டி. ரொம்ப நாளாகும். நாளைக்கு வர மாட்டேன், அடுத்த வாரமும் வர மாட்டேன்."

அந்தப் பக்கம் கீல் மட்டும் கிறீச்சிட்டது. பக்கத்தில் நாத்தனார், "ஐயோ, இப்படியா போட்டு உடைப்பா" என்று முணுமுணுத்தது கூடக் கேட்டது.

மாவு நிறுத்தவில்லை. பட்டறையில் பிள்ளைகளுக்குக் கால் செய்யும்போது, பெற்றவர்கள் அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டால் அவள் தேதி சொல்ல மாட்டாள். நல்ல காலில் போட்டிருக்கிற ஷூ கடிக்கும்போது கூட்டி வாருங்கள் என்பாள். பிள்ளை வளர்ந்ததை அதைவிடச் சரியாகச் சொல்ல எதுவும் இல்லை. அதுதான் அப்போது வாயில் வந்தது.

"உன் ஸ்கூல் ஷூ இருக்குல்ல, அது ஒரு நாள் கடிக்கும். அப்பா பெருசா புது ஷூ வாங்கித் தருவாங்க. அந்தப் புது ஷூவும் ஒரு நாள் கடிக்க ஆரம்பிக்கும். அது கடிக்கிறப்ப நான் வருவேன். அதுவரைக்கும் சாயங்காலம் விளையாடப் போ. கேட்டுல நிக்காத."

புருஷன் போனைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தாள். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. ஒரு வாரம் கேட்காத குரல், மூக்கடைத்துக்கொண்டு, கோபமாக.

"வராதவ எதுக்கு வரேன்னு சொன்னே?"

"தப்புதான்டி."

"ரப்பரு?"

"வாங்கி அனுப்புறேன். சீக்கிரம் வந்துடும்."

"ரப்பர் வரும், நீ வர மாட்டியா?"

"ஆமாம்."

பிறகு கேட்டிலிருந்து குதித்த சத்தம், வீட்டுக்குள் ஓடுகிற சத்தம். "எங்கடி ஓடுற" என்று நாத்தனார் கேட்டாள். மாவு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். எதையோ இழுத்துப் போடுகிற சத்தம், தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு வாயைப் போனுக்குள்ளேயே வைத்த மாதிரி அந்தக் குரல்:

"அம்மா, போட்டுப் பாத்துட்டேன். இப்பவே கொஞ்சம் கடிக்குதும்மா."