நாலாம் நம்பர் பாட்டில்

1. ஐஸ் பெட்டி

யாங்கோன் என்கிற ரங்கூனின் ஓரத்தில், எங்கள் துளைபோடும் கம்பெனியின் ஷ்வேப்யிதா யார்டில் ஒரு காலை, சைட் சூப்பர்வைசர் ஊ சோ மின் என் கையில் நீல நிற ஐஸ் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். உள்ளே ஏழு கண்ணாடி பாட்டில்கள், ஒரு மார்க்கர் பேனா.

“கோ முத்து, நாளைக்கு நாம துளை போடப் போற ஊருக்குள்ள போய் ஏழு கிணத்துலயும் தண்ணி எடுத்துட்டு வா.”

“சயா, நான் ஷேக்கர் ஆளு. இது லேப் வேலை இல்லையா?”

“லேப் ஆளுக்குத் தமிழ் தெரியாது. அந்த ஊர்ல பாதி வீடு உங்க ஆளுங்க. அவன் போய்க் கேட்டா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு அவங்க இஷ்டத்துக்குச் செய்வாங்க. நீ போனா பேசிப் புரிய வைப்பே.”

எனக்குப் பேச்சு வராது என்பது யார்டில் எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் இன்னொரு லபெயே டீ வேண்டுமென்றால்கூடப் பக்கத்தில் இருப்பவன் கேட்கும்வரை காத்திருந்து அவனோடு சேர்ந்து கேட்பேன். ஆனாலும் பெட்டியை வாங்கிக்கொண்டேன். மாட்டேன் என்று சொல்வதற்கும் பேச வேண்டுமே.

அதுவரை பதினோரு வருடம் ஷேக்கரில் நின்றவன் நான். ரிக் துளைபோடும்போது உள்ளே செலுத்துகிற கலவைக்கு மட் என்று பெயர். அது மேலே திரும்பும்போது வெட்டுப்பட்ட பாறைத் துகளையும் கொண்டுவரும். அதைச் சலிக்கிற மெஷின்தான் ஷேக்கர். துகளைக் கழுவி, எத்தனையாவது அடியில் வந்தது என்று எழுதிப் பையில் போட்டுக் கொடுப்பது என் வேலை. நாலாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும்.

இந்த வேலை யாங்கோனுக்கு வடக்கே, லாரியில் மூன்று மணி நேரத் தூரத்தில். ஊர்ப் பெயரும் கம்பெனிப் பெயரும் எழுதவில்லை. இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அங்கே தேடியது ஷேல் கேஸ். ஷேல் என்பது ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறை. கேஸ் அதற்குள் அடைபட்டுக் கிடக்கும். துளை போட்டால் மட்டும் வராது. தண்ணீரோடு மணலும் கொஞ்சம் கெமிக்கலும் கலந்து, பெரிய பம்புகளால் அழுத்திப் பாறையில் விரிசல் விட வைக்க வேண்டும். அதற்கு ஃப்ராக் என்று பெயர். எங்கள் ஆட்கள் யாரும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. ஒரே ஒரு சோதனைக் கிணறு, சரியாக வந்தால் இன்னும் பல என்று பேச்சு.

ஊர்க்கூட்டத்தில் ஒரு ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். வேலைக்கு முன்னால் ஊரின் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் லேபில் பார்த்து வைப்பது. வேலைக்குப் பிறகு எந்தக் கிணற்றுத் தண்ணீராவது மாறினால், அதைக் குடிக்கிற வீடுகளுக்குக் கம்பெனி ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தர வேண்டும். என் கையில் இருந்த பாட்டில்கள் அதற்காகத்தான்.

2. பாக்கியம் அக்கா வீட்டு வாசல்

எடுக்கும் முறையை ஊ சோ மின் இரண்டு தடவை சொல்லியிருந்தார். முதலில் பத்து வாளி இறைத்துக் கொட்டு. பிறகு வரும் தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசு. காற்றுக் குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்பு. நம்பர் எழுது.

மூன்று கிணறு முறையாக எடுத்தேன். நாலாவது பாக்கியம் அக்கா வீட்டுக் கிணறு. அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல், உளுந்துக் காட்டுக்காரி. அந்தக் கிணற்றைச் சுற்றி ஏழு வீடுகள். ஏழு வீட்டுப் பெண்களும் வாசலில் நின்றிருந்தார்கள். மஞ்சள் தடவிய மண்பானை ஒன்று, மேலே வெள்ளைத் துணி கட்டி, முக்காலியில் இருந்தது.

நான் வாளியைக் கையில் எடுத்தேன்.

“எங்க தம்பி போறே? தண்ணி இங்கல்ல இருக்கு.”

“கிணத்துலேருந்து எடுக்கணும்க்கா.”

“கிணத்துத் தண்ணிதான் இது. நேத்தே எறச்சு, படிகாரம் போட்டுத் தெளிய வச்சு, துணியில வடிகட்டி வச்சிருக்கேன். அந்தச் செவப்புத் தண்ணியவா ரங்கூன் ஆபீசுக்குக் கொண்டு போவே? எங்க வீட்டத்தான் கேவலமாப் பேசுவாங்க.”

பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்தார். “பொண்ணு பாக்க வந்த மாதிரி பானைக்கு மஞ்சளெல்லாம் தடவி வச்சிருக்கா, பாரு. வேணாம்னு சொல்லிட்டுப் போயிருவியா?”

எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்ட் என்றால் பாஸ், ஃபெயில் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். விருந்தாளிக்குத் தெளிந்த தண்ணீர்தான் கொடுப்பார்கள், கம்பெனியும் விருந்தாளிதானே. இந்தத் தண்ணீர் ஆகாது, அழுக்குத் தண்ணீர்தான் வேண்டும் என்று அத்தனை பெண்களுக்கு முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கிணற்றுத் தண்ணீர்தானே, தெளிந்திருந்தால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பானையிலிருந்து பாட்டிலை நிரப்பி ‘4’ என்று எழுதினேன்.

மீதி மூன்று கிணற்றிலும் முறையாகவே எடுத்தேன்.

3. வேலை நடந்த நாட்கள்

ரிக் வந்ததால் ஊருக்கு ஒன்றும் நன்மை இல்லை என்று சொன்னால் அது பொய். முழங்கால் சேற்றுப் பாதை செம்மண் ரோடு ஆனது. பிரசவத்துக்குப் பெண்களை மாட்டு வண்டியில் கொண்டுபோனவர்கள் காரில் கொண்டுபோனார்கள். ஊர் இளைஞர்கள் இருபது பேருக்கு ரிக்கில் வேலை. அதில் நான்கு பேர் தாய்லாந்துக்குப் போக இருந்தவர்கள், போகாமல் வீட்டிலேயே சாப்பிட்டு வேலைக்கு வந்தார்கள். கேஸ் வந்தால் ஜெனரேட்டர் வைத்து ஊருக்குக் கரண்ட் தருவதாகவும் பேச்சு இருந்தது.

தொல்லையும் வந்தது. தண்ணீர் லாரிகள் இடைவிடாமல் ஓடின. ஃப்ராக் செய்ய ஒரு குளம் அளவு தண்ணீர் வேண்டும். அதை ஊர் ஓடையிலிருந்துதான் எடுத்தார்கள். உளுந்து இலையில் புழுதி படிந்தது. பம்ப் ஓடிய நாட்களில் கைக்குழந்தைகள் தூங்கவில்லை.

ஒரு மதியம் பாக்கியம் அக்கா வேலி ஓரத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“ஏன் தம்பி, அந்தக் கேஸு எவ்வளவு ஆழத்துல இருக்கு?”

“பல ஆயிரம் அடிக்கா. உங்க கிணறு முப்பது அடிதான். நடுவுல அவ்வளவு பாறை இருக்கு.”

“பாறை இருக்கு சரி. நீங்கதான் அதுல ஓட்டை போட்டு வச்சிருக்கீங்களே.”

“ஓட்டையில கேசிங்னு இரும்புக் குழாய் எறக்குவோம். குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவுல சிமெண்ட் விடுவோம்.”

“அந்தச் சிமெண்ட் எங்கயாச்சும் விட்டுப் போச்சுன்னா, யாரு உள்ள எறங்கிப் பாக்குறது? நீயா?”

அதற்கு மெஷின் இருக்கிறது என்று சொன்னேன். உண்மையிலேயே இருக்கிறது. கம்பியில் கட்டி உள்ளே இறக்கிச் சிமெண்ட் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் அக்கா கேட்டது சரியான கேள்வி. ஆபத்து ஆழத்தில் மட்டும் இல்லை. மேலே, நம் காலடியில் இருக்கிற சிமெண்டிலும், துளையிலிருந்து திரும்பி வரும் உப்புத் தண்ணீரைத் தேக்குகிற பிட் என்ற குழியிலும் இருக்கிறது. ரிக்கில் இருக்கும் நாங்கள் ஆழத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

ஃப்ராக் முடிந்து மூன்று வாரத்தில் நாலாம் நம்பர் கிணற்றில் குமிழி வந்தது. அழுகிய முட்டை வாடை. சோறு வடித்தால் மஞ்சளாக இருந்தது. ஏழு வீட்டுக்காரர்களும் தண்ணீருக்குக் கோயில் குளத்துக்கு நடந்தார்கள்.

4. கியாக்டடா ஆபீஸ்

லேப் ஆளே வந்து ஏழு கிணற்றிலும் மறுபடி தண்ணீர் எடுத்துப் போனார். பிறகு ஊரிலிருந்து மூன்று பேரை யாங்கோன் நடுவில், கியாக்டடாவில் இருக்கும் கம்பெனி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பாக்கியம் அக்காவும் வந்தார். பஸ் இறங்கிய இடத்திலிருந்து சூலே பகோடாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, நான்கு மாடி ஏறினார். தண்ணீர் எடுத்தவன் என்பதால் என்னையும் உட்கார வைத்தார்கள்.

கம்பெனியின் சுற்றுச்சூழல் ஆபீசர் மா தீடா, சின்ன வயதுப் பெண். இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாலாம் கிணற்றில் முன்பு இரும்பு இல்லை, கலங்கல் இல்லை. இப்போது இரண்டும் ஏராளம். ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா என் காதில் மெல்லச் சொன்னார். “பாத்தியா? நான் தெளிய வச்சுக் குடுத்தது எவ்வளவு நல்லதாப் போச்சு.”

தெளிய வைத்த பானைத் தண்ணீரைத்தான் முந்தைய தண்ணீர் என்று எழுதியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மா தீடா காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “ஒண்ணு புரியல. மத்த ஆறு கிணத்துலயும் முன்னாடியே இரும்பு இருக்கு. ஒரே ஊர், ஒரே செம்மண். இது ஒண்ணுல மட்டும் துளிகூட இல்ல. ஆனா அலுமினியம் அதிகமா இருக்கு. கோ முத்து, இது கிணத்துலேருந்து நேரா எடுத்ததுதானா?”

ஊ சோ மின் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏழு வீட்டுக்குக் குழாய்க் கிணறு வந்துவிடும். அக்காவுக்குப் பர்மியம் தெரியும். கேள்வி அவருக்கும் புரிந்தது. மேசைக்குக் கீழே என் முழங்கையைப் பிடித்தார்.

நான் யோசித்தது இதுதான். அந்த அலுமினியம் தண்ணீரைத் தெளிய வைக்கிற படிகாரத்திலிருந்து வந்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நான் ஆமாம் என்றாலும் அவர் விடப் போவதில்லை. நான் சொன்னது பொய் என்று வெளிவந்தால், என் கையால் எடுத்த மற்ற ஆறு பாட்டிலையும் யார் நம்புவார்கள்? ஊரிடம் இருந்தது அந்த ஏழு காகிதம்தான். ஒன்றைக் காப்பாற்றப் போய் ஏழும் போகும்.

“இல்ல சயாமா,” என்றேன். “படிகாரம் போட்ட பானைத் தண்ணி. தப்பு என்னோடது. அவங்க குடுத்தாங்க, வேணாம்னு சொல்ல வெக்கப்பட்டு வாங்கிட்டேன். மத்த ஆறும் முறையா எடுத்தது. அது சரின்னு இப்பவே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

இத்தனை வார்த்தைகளை நான் ஒரு கூட்டத்தில் சேர்ந்தாற்போல் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா கையை எடுத்துக்கொண்டார்.

ஊ சோ மின் பெருமூச்சு விட்டார். “பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு சாம்பிள் நான் பாக்கல. படிகாரமாம்!” என்றவர் என்னைத் திட்டவில்லை. ஆறு கிணற்றின் காகிதங்கள் சரி என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். நாலாம் கிணறு ஒப்பந்தத்திலிருந்து போயிற்று. அந்தக் குமிழி எங்கள் கேஸா, இல்லை தாழ்ந்த நிலத்தில் தானாக வருகிற சதுப்பு வாயுவா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இரண்டும் நடக்கக்கூடியதுதான். கிணற்றிலிருந்து நேராக எடுத்த முந்தைய தண்ணீர் இருந்திருந்தால் ஓரளவாவது சொல்லியிருக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

5. மழைக்காலம்

மழை பிடித்த இரண்டாவது மாதம், இரண்டாம் நம்பர் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. அந்தக் கிணறு பிட்டுக்குக் கீழ்ப்பக்கம். பிட்டில் விரித்திருந்த பிளாஸ்டிக் ஒரு மூலையில் கிழிந்திருந்ததை ஷேக்கரிலிருந்து இறங்கிப் போய் நானே பார்த்தேன், ஊ சோ மின்னிடம் சொன்னேன். லேபில் பார்த்தார்கள். முன்பு இல்லாத உப்பு. முன்பு எடுத்தது சரி என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டிருந்ததால் பேச்சுக்கு இடமில்லை. பிட்டைக் காலி செய்து மூடினார்கள். அந்தப் பக்கத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள். தண்ணீர் நன்றாக இருந்தது.

சோதனைக் கிணற்றில் எதிர்பார்த்த அளவு கேஸ் வரவில்லை. சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டு ரிக்கைப் பிரித்து ஷ்வேப்யிதாவுக்குக் கொண்டுவந்தோம். இருபது பேருக்கு வேலை போயிற்று. தாய்லாந்துக்குப் போகாமல் இருந்த நால்வரில் மூன்று பேர் போனார்கள். ரோடு இருக்கிறது. கரண்ட் வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஷேல் கேஸ் நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள், அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் துளை போட்ட பிறகு, துளைக்கு முந்தைய தண்ணீரை யாராலும் எடுக்க முடியாது. அந்த ஒரு நாள்தான் உண்டு. அன்றைக்கு மரியாதை, கூச்சம் எதுவும் பார்க்காதீர்கள். வீட்டுக்காரர்கள் முகம் சுளித்தாலும் வாளியை நீங்களே இறக்குங்கள். கலங்கலாக வந்தால் கலங்கலாகவே நிரப்புங்கள்.

ரிக்கைப் பிரித்த கடைசி வாரம் பாக்கியம் அக்காவைப் புதுக் குழாயடியில் பார்த்தேன். அவர் வீட்டிலிருந்து அது ஒரு பர்லாங்கு. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் இந்த ஏழு வீட்டையும் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். குழாயை இவர்கள் பக்கம் நீட்டித் தரச் சொல்லி நான் ஊ சோ மின்னிடம் கேட்டேன். அது ஒப்பந்தத்தில் இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

நான் அக்காவின் தவலையைத் தூக்கக் கை நீட்டினேன். அவர் விடவில்லை. தானே இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“அன்னிக்கு ஆபீசுல நீ சொன்னது சரிதான் தம்பி. நீ பொய் சொல்லியிருந்தா இந்தக் குழாயும் வந்திருக்காது. எல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன்.”

“அக்கா...”

“ஆனா பானைத் தண்ணி ஆகாதுன்னு எங்க வீட்டு வாசல்லயே சொல்லியிருக்கணும். அங்க வாயத் தொறந்திருந்தா, ரெண்டு திட்டு வாங்கியிருப்பே, அவ்வளவுதான். இப்ப நடக்குறது நாங்க.”

சொல்லிவிட்டுச் செம்மண் ரோட்டில் நடந்தார்.