விபத்து என்ற சொல்லை எடுத்தவர்

அந்த ஒரு மாதம் எனக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை. நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் நாற்பத்திரண்டு நாற்காலிகள். காலை ஆறு மணிக்கு வந்து ஒவ்வொன்றையும் தூக்கி மேசைமேல் கவிழ்த்தால்தான் தரையைத் துடைக்க முடியும். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். நாற்காலிகள் எல்லாம் ஏற்கெனவே மேசைமேல் ஏறியிருந்தன. மறுநாளும் அப்படியே. வாட்ச்மேன்தான் இரக்கப்பட்டுச் செய்கிறார் என்று நினைத்து, அவருக்காக ஆண்டவனிடம் வேண்டிக்கொண்டும் இருந்தேன். மாதக் கடைசியில் நன்றி சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

"நானா? என் முதுகு இருக்கிற லட்சணத்துக்கா? அந்த மீட்டர்தாம்மா, சாத்துற நேரத்துல எல்லாத்தையும் தூக்கி வெச்சுட்டுப் போறாரு. சொல்லக்கூடாதுன்னாரு. நீ எனக்காக வேண்டிக்கிட்டத மட்டும் திருப்பி எடுத்துக்காத."

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் எண் பார்த்து எழுதுவது அவர் வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் மீட்டர். எனக்கு அண்ணன். மனைவி தவறிவிட்டார், ஒரே மகள் வேறு ஊரில் குடும்பமாக இருந்தாள். மாலை ஐந்தரைக்கு, கால் நிறையத் தூசியோடு வருவார். குழாயடியில் காலைக் கழுவிவிட்டுத்தான் படியேறுவார். மூன்றாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் மூடும்வரை தட்டிக்கொண்டே இருப்பார். மாலையில் மேசைகளைத் துடைப்பதும் என் வேலை என்பதால் ஒருநாள் கேட்டேன்.

"என்ன அண்ணே, தினமும் பரீட்சை எழுதுறீங்க?"

"கலைக்களஞ்சியம், தங்கச்சி. இன்டர்நெட்ல இருக்கு. உலகத்துல இருக்கிற எல்லா விஷயத்துக்கும் ஒரு பக்கம். யார் வேணா எழுதலாம், யார் வேணா திருத்தலாம்."

"அதுக்கு என்ன தர்றாங்க?"

"வயிறு நிறையத் திட்டு தர்றாங்க."

பொய்யில்லை. ஒரு மீனைப் பற்றிய பக்கத்துக்கு என்ன தலைப்பு வைப்பது என்று அவர்கள் பதினோரு நாள் மல்லுக்கட்டியதை நானே பார்த்தேன். அந்த மீனுக்கு ஐந்து பெயர். ஒவ்வொருவரும் தன் வீட்டில் சொல்லும் பெயர்தான் சரி என்றார்கள். அவர்களில் ஒருவருக்கு அங்கே 'கருங்கல்' என்று பெயர். சொந்தப் பெயரை யாரும் வைத்துக்கொள்வதில்லை. "பேருக்கேத்த ஆளு, அசையவே மாட்டாரு" என்பார் அண்ணன். கடைசியில் அச்சில் வந்த புத்தகங்களில் எந்தப் பெயர் அதிகம் என்று பார்த்து முடிவு செய்தார்கள். தோற்றவர் அண்ணன்தான். "எனக்குப் பிடிச்ச பேரு முக்கியம் இல்ல தங்கச்சி, தேடி வர்றவனுக்குத் தெரிஞ்ச பேருதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு, அந்தத் தலைப்பின் கீழேயே மிச்சத்தை எழுத உட்கார்ந்தார்.

ஒரு மாலை மேசை துடைத்துக்கொண்டே வந்தவள், அவர் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். மூன்று மாடிக் கட்டடம். ஜன்னல்களுக்கு மேலே கரி. அந்தத் தையற்கூடத்தில்தான் ஒன்பது வருடத்துக்கு முன்னால் பதினேழு பெண்கள் எரிந்து போனார்கள். அதில் ஒருத்தி என் கூடப்பிறந்த தங்கை. இருபத்தாறு வயது. பின்கதவை வெளியே பூட்டியிருந்தார்கள். பூட்டைச் சுற்றி எத்தனை கைகளின் தடம் இருந்தது என்று தீயணைக்க வந்தவர் சொன்னதை நான் இன்றுவரை என் அம்மாவிடம் சொன்னதில்லை.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "என்ன தங்கச்சி?"

"இதுல என் தங்கச்சி போயிட்டா அண்ணே."

அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். நான் மேலே இருந்த பெரிய எழுத்தைக் கூட்டிப் படித்தேன்: தையற்கூடத் தீ விபத்து.

"விபத்தா? வெளிய பூட்டியிருந்தாங்களே!"

"தலைப்பு நான் வெச்சது இல்ல," என்றார். திரையைப் பார்த்தபடியே, "ஆனா ரெண்டு வருஷமா அதப் பாத்துக்கிட்டு நானும் சும்மாதான் இருந்திருக்கேன்" என்றார்.

அன்றே தலைப்பை மாற்ற வேண்டும் என்று பேச்சைத் தொடங்கினார். அதற்கென்று ஒரு பக்கம் உண்டு. குறைந்தது ஏழு நாள் திறந்திருக்கும். விபத்து என்ற சொல்லை எடுத்துவிட்டுத் 'தையற்கூடத் தீ' என்று வைக்கலாம் என்று எழுதினார். எனக்கு அது போதவில்லை.

"கொலைன்னு போடுங்கண்ணே."

"போட முடியாது தங்கச்சி. வழக்கு இன்னும் முடியல. தலைப்புல தீர்ப்பு சொல்லக்கூடாதுங்கறது எங்க முறை. விபத்துன்னா யாரும் குற்றவாளி இல்லன்னு சொன்ன மாதிரி. கொலைன்னா நீதிபதிக்கு முன்னாடி நாம சொன்ன மாதிரி. தீன்னு சொன்னா யாராலயும் மறுக்க முடியாது. பூட்டு இருந்தது உள்ள இருக்கும், ஆதாரத்தோட."

"பதினேழு உசுருக்கு வெறும் தீயா? உங்க வீட்டுல ஒருத்தி போயிருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

நாக்கில் சனி. அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மூன்று நாள் அவர் மேசையை மட்டும் துடைக்கவில்லை.

கருங்கல்லும் இன்னும் நான்கு பேரும், எல்லாச் செய்தித்தாளும் விபத்து என்றுதானே எழுதின, அதை எப்படி மாற்றுவது என்று எதிர்த்திருந்தார்கள். அண்ணன் பக்கம் ஒரே ஒருவர். இதை எனக்குச் சொன்னவள் கல்லூரியில் படிக்கும், என் கூடப்பிறந்த அண்ணனின் மகள்; எனக்கு மருமகள் முறை. "அஞ்சுக்கு ரெண்டு அத்தை. ஆள் வேணும்" என்றாள். தலையை எண்ணி முடிவு செய்வதில்லை, காரணத்தை எடைபோட்டுத்தான் முடிவு என்று அண்ணன் மீன் சண்டையின்போதே எனக்குச் சொல்லியிருந்தார். அது என் காதில் ஏறவில்லை.

ஞாயிறு மதியம், அவர் வராத நாளாகப் பார்த்து, தீயில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களை நூலகத்துக்குக் கூட்டி வந்தேன். பதினாலு பேர். மூன்று கம்ப்யூட்டர். மருமகள் ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கணக்குத் திறந்து, ஒரே வரியைத் தட்டினாள்: 'இது கொலை. தலைப்பை மாற்றுங்கள்.' ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஒரு பெரியவர் தன் மகள் பெயர் எங்கே தெரிகிறது என்று திரையைத் தடவிப் பார்த்தார். நாங்கள் ஏதோ சாதித்துவிட்டோம் என்றுதான் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் மாலை அண்ணன் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, தட்டலையா?"

"தடை போட்டுட்டாங்க. நேத்து ஒரே இடத்துலேர்ந்து பதினாலு புதுக் கணக்கு வந்திருக்கு. அந்த இடத்துலேர்ந்துதான் நான் ஒன்பது வருஷமா எழுதுறேன். ஒரே ஆள் பதினாலு முகமூடி போட்டுக்கிட்டு வந்ததா நினைக்கிறாங்க. இங்க அதவிடப் பெரிய தப்பு கிடையாது."

"நான்தான் அண்ணே கூட்டிட்டு வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "பதினாலு பேருமா வந்தாங்க? வயசானவங்க எல்லாம் இந்த மாடிப்படி ஏறியா?" என்றார்.

"என் பேரச் சொல்லிடுங்கண்ணே."

"மாட்டேன். வழக்கு நடக்குற நேரத்துல உங்க யார் பேரையும் நான் அங்க இழுக்க மாட்டேன். என் பேரு போனா போகட்டும், அது தண்ணி மீட்டர்ல வர்ற எண்ணு மாதிரி, திரும்ப ஓடிச் சேந்துக்கும்."

அன்று வெகுநேரம் மண்டியிட்டிருந்தேன். தங்கைக்காக நீதி கேட்டுப் போய், ஒரு நல்ல மனிதர்மேல் பொய்க் குற்றம் ஏற்றிவிட்டேனே என்று ஆண்டவனிடம் அழுதேன். காலையில், நடந்ததை அங்கே எழுதப் போகிறேன் என்று மருமகளிடம் சொன்னபோது, "நான் தட்டித் தர்றேன் அத்தை" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

"இன்னொரு கணக்குத் திறந்தா பதினஞ்சாவது முகமூடின்னு சொல்வாங்க அத்தை!"

"சொல்லட்டும். இது என் முகம்."

நான் ஐந்தாம் வகுப்பு. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட இரண்டு மணி நேரம் ஆனது. 'நான் இந்த நூலகத்தைக் கூட்டுகிறவள். பதினாலு பேரும் நிஜ ஆட்கள். எங்கள் பிள்ளைகள் அந்தத் தீயில் போனார்கள். அவர் எங்களை அழைக்கவில்லை. கொலை என்று போடக்கூடாது என்று என்னிடம் சொன்னவரே அவர்தான். எங்களுக்கு உங்கள் முறை தெரியவில்லை. அவரை விட்டுவிடுங்கள்.'

மூன்று நாள் பதிலே இல்லை. நான்காம் நாள் கருங்கல் எழுதினார். 'அம்மா, உங்கள் பதினாலு வரியும் முடிவில் சேராது. அவற்றைக் கோடு போட்டு அடிக்கிறோம். ஆனால் விசாரணைக் குழு அறிக்கையைத் தேடி எடுத்து முழுவதும் படித்தேன். அதில் ஓரிடத்திலும் விபத்து என்ற சொல் இல்லை. அவர் சொன்ன காரணம் சரி. என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன்.'

தடை நீங்கியது. தலைப்பு 'தையற்கூடத் தீ' ஆனது. எங்கள் பதினாலு வரியும் நடுவில் கோட்டோடு இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என் மனம் ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தை என் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட முடிந்தது. முன்பிருந்த தலைப்போடு என்னால் அது முடிந்திருக்காது.

அடுத்த வருடம் அண்ணன் ஓய்வு பெற்றார். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை மருத்துவமனை. மகள் தன்னோடு அழைத்துக்கொண்டாள். ஏழே மாதத்தில் அவளிடமிருந்து போன் வந்தது, போய்விட்டார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது, நூலக அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்றுதான். முகம் ஊதியிருந்தது. வாசல்வரை கூடப் போனேன். காலையிலிருந்து மனதை அரித்த ஒன்றைக் கேட்டேன்.

"அண்ணே, போன்ல பழைய தலைப்பத் தட்டிப் பாத்தேன். விபத்துன்னு போட்டாலும் அதே பக்கம் வருது. எடுத்துட்டோம்னு சொன்னீங்களே?"

"பழைய பேருலேர்ந்து வர்ற வழிய நான்தான் விட்டு வெச்சேன் தங்கச்சி," என்றார். "பாதிப் பேரு இன்னும் விபத்துன்னுதான் சொல்றான். தப்பான பேரச் சொல்லித் தேடுறவனும் உன் தங்கச்சிகிட்டதான வந்து சேரணும்?"