அம்மா கேட்ட ஒரே ஒரு போன்

உங்கள் அம்மா திருச்செந்தூர் போகும் வழியில் ஒரு சின்ன ஊரில், ஐந்து பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். நான் பத்து. அந்த இரண்டு வகுப்பு வித்தியாசத்தை நான் மறந்தாலும் அவர் மறக்கவிட்டதில்லை.

சாமுவேல், ரூத், இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வருகிற உறவினரும் சபையாரும் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கட்டும். சாமுவேல், உன்னிடம் நான் சொன்ன ஒரு பொய் ஒரு வருஷமாக என் நெஞ்சில் கிடக்கிறது. எல்லார் முன்னாலும் நின்று பெருமை பேசியவன் நான். இதையும் எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூரில் ஏசி வேலை பழகிக்கொண்டிருந்தபோது நான் இந்தச் சபையில் சேர்ந்தேன். வெளியே இருப்பவர்கள் மார்மன் என்பார்கள். மது, புகையோடு டீ, காப்பியும் எங்களுக்குக் கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில் காப்பியைத் தொடாமல் வைத்துவிட்டேன். பெண் பிடிக்கவில்லையாக்கும் என்று உங்கள் தாத்தாவுக்கு முகம் மாறிவிட்டது. விஷயத்தைச் சொன்ன பிறகும், "காப்பி குடிக்காத மனுசன்ட்ட என்னத்தப் பேச?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். அம்மாதான் உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார். "மோருக்கு ஒங்க சபையில தடையில்லையே?" எங்கள் முதல் பேச்சு அதுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவும் இந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தார். ஷார்ஜாவுக்கு வந்தோம். எனக்கு ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில் வேலை. அம்மா பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். ஊரில் மூன்று சாவுகளுக்கு லீவு கிடைக்காமல் போனது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவார். பிறகு முகம் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார்.

நீங்கள் வளர்ந்த பிறகு, விமானத்தில் வெகுதூரம் போய், எங்கள் ஆலயத்தில் நாலு பேரும் நித்தியத்துக்கும் ஒரே குடும்பமாக முத்திரிக்கப்பட்டோம். சாவுகூடப் பிரிக்காது என்பது எங்கள் விசுவாசம். சாவே பிரிக்காத குடும்பத்தை ஒரு சாதாரணச் சண்டை என்ன செய்துவிடும் என்று நான் எண்ணினேன். அங்கேதான் என் புத்தி தவறியது.

எங்கள் சபையில் திங்கட்கிழமை மாலை குடும்பத்துக்கு உரியது. பாட்டு, ஜெபம், பாடம், பலகாரம் என்று நாலு வரி எழுதி அம்மா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். நாலு பேர் பெயரிலும் நாலு அட்டை, காந்தம் வைத்து. வாராவாரம் அட்டைகள் இடம் மாறும். சைட்டிலிருந்து எவ்வளவு களைப்பாக வந்தாலும் நான் அதை விட்டதில்லை.

பேச்சுவார்த்தை இல்லாத வாரத்திலும் ஜெபம் நடக்கும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"பரலோகப் பிதாவே, இந்த வீட்டுல ஒருத்தருக்கு ஊர்ல உள்ள ஏசியெல்லாம் ரிப்பேர் பண்ணத் தெரியுது. சொந்த வீட்டு ஏசியில மூணு மாசமா தண்ணி சொட்டுது. அவருக்கு ஞாபக சக்தியத் தாரும்."

அடுத்த வாரம் என் முறை வரும். "பிதாவே, ஸ்பேனர எங்க எடுத்து வச்சேன்னு கேட்டா, எரிஞ்சு விழாம பதில் சொல்லுத பொறுமைய இந்த வீட்டு அம்மாவுக்குத் தாரும்."

"ஆமென் சொல்லிருங்கப்பா, ப்ளீஸ்" என்பாள் ரூத்.

ஒருமுறை சபையில் என்னைப் பேசச் சொன்னார்கள். சந்தோஷமான குடும்பம் என்பது தலைப்பு. அப்போது நானும் அம்மாவும் பேசி எட்டு நாளாகியிருந்தது. நான் ஏறி நின்று, திங்கட்கிழமை தவறாமல் உட்கார்ந்தால் வீட்டில் சண்டையே வராது என்று சாட்சி சொன்னேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. திரும்பி வரும்போது டாக்ஸியில் அம்மா வாயைத் திறந்தார்.

"இன்னிக்கு மேல நின்னு பேசினாரே ஒரு மனுசன், அவருக்கு என்னையக் கட்டிக் குடுத்திருக்கலாம்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதைச் சிரிப்பதற்காக அவர் சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

எங்கள் சபையில் பையன்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் போவது வழக்கம். சாமுவேல், நீ போகவில்லை. அபுதாபியில் வேலைக்குச் சேர்ந்தாய். லீவில் வந்திருந்தபோது ஒரு கஃபட்டீரியா வாசலில் டீ கப்போடு உன்னைப் பார்த்துவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை பாடம் என் முறை. கீழ்ப்படிதல் என்று எடுத்தேன்.

"அப்பா, டீயப் பத்திதான பேசுறீங்க? ஓப்பனா கேளுங்க."

"கேட்டா உண்மையச் சொல்லுவியா?"

"சொல்றேன். நாலு மாசமா நான் ஜெபமே பண்ணலப்பா. வரமாட்டேங்குது. இத இந்த வீட்ல யார்ட்ட போய்ச் சொல்ல?"

"என்ட்டச் சொல்லுல, நான் கேக்கேன்" என்றார் அம்மா.

நான் கேட்கவில்லை. எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்து உன் அட்டையைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். "கலாஸ், முடிஞ்சுபோச்சு. விசுவாசம் இல்லாதவனுக்கு இங்க எடமில்ல" என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாய். சபையில் யார் கேட்டாலும் உனக்கு டூட்டி அதிகம் என்று சொல்லிவந்தேன். அம்மாவையும் அப்படியே சொல்ல வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பஸ் டூட்டியை விடாமல் போய், நுரையீரல் முழுக்கப் பரவிய பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரூத் அப்போது ஊரில் காலேஜில் இருந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்று அவளிடமும் மறைத்தேன். முதல் நாளே சபைச் சகோதரர் ஒருவரை வரவழைத்து, இருவருமாக அம்மாவின் தலையில் எண்ணெய் வைத்து ஆசீர்வதித்தோம். முடிந்ததும் அம்மா மூச்சுக்கு மாட்டியிருந்த மாஸ்க்கை விலக்கினார்.

"எண்ணெய் வச்சாச்சில்லா. இப்ப சாமுவுக்கு ஒரு போன் போடுங்க."

அவருடைய போனை அணைத்து என் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நான் சொன்னேன்: "உபவாசம் இருந்து ஜெபிக்கேன். கர்த்தர் அவன் மனசத் திருப்பட்டும். அவனாவே வரணும்."

"அபுதாபி ரெண்டு மணி நேரம்ங்க. இதுக்கு எதுக்குக் கர்த்தரத் தொந்தரவு பண்ணுதீங்க?"

சபையில் ஒரு நாள் உபவாசம் போதும் என்பார்கள். நான் மூன்று நாள் இருந்தேன். மூன்று நாளும் அம்மா கேட்டார். மூன்றாம் நாள் தொண்டையில் குழாய் போட்டார்கள். அதற்குப் பிறகு அவரால் பேச முடியவில்லை. அப்போதுதான் உங்கள் இருவருக்கும் போன் போட்டேன். சாமுவேல், நீ இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டாய். மறுநாள் ரூத் வந்தாள். அதற்கடுத்த நாள் மதியம் அம்மா நம்மை விட்டுப் போனார்.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது நீ கேட்டாய்: "அம்மா என்னக் கேட்டாங்களாப்பா?"

"இல்லடா. மயக்கத்துலயே இருந்தா" என்றேன்.

அதுதான் அந்தப் பொய். அம்மா கேட்டது உன்னைத்தான். வேறு எதையும் கேட்கவில்லை.

நம் குடும்பம் போல விசுவாசமுள்ள வீட்டில் பிரச்சினை வருமா என்று ஊரில் சிலர் கேட்டார்கள். வந்தது. எல்லார் வீட்டுக்கும் வருவது போலத்தான் வந்தது. என் விசுவாசம் இன்னும் போகவில்லை. அம்மாவை மறுபடி பார்ப்பேன் என்று நம்புகிறேன். பார்க்கும்போது அவர் முதலில் என்ன கேட்பார் என்பதும் தெரியும். உபவாசத்தின்மேல் நான் பழி போடவில்லை. போன் போட வேண்டிய கையை ஜெபத்துக்குக் கூப்பி வைத்துக்கொண்டது நான்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் முறை போட்டு உட்கார்ந்திருந்த சபைச் சகோதரிகளுக்கும், நாற்பது நாள் எனக்குச் சமைத்து அனுப்பிய எதிர்வீட்டு மலையாளிக் குடும்பத்துக்கும், அடக்கத்துக்கான பேப்பர் வேலையெல்லாம் அலைந்து முடித்த கம்பெனி நண்பர்களுக்கும் என் நன்றி. அம்மாவோடு பதினோரு வருஷம் பஸ் ஓட்டிய ஆரிஃப் பாய்க்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பஸ்ஸில் இருந்த அம்மாவின் கைப்பையை அவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு சகோதரி தினமும் மகனுக்குப் போன் பேசுவார் என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாமுவேல், நீயும் அம்மாவும் பேசிக்கொண்டது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பைக்குள் அம்மாவின் டூட்டி கார்டு இருந்தது. அதன் பிளாஸ்டிக் உறைக்குள், கார்டுக்குப் பின்னால், குப்பையில் நான் போட்ட உன் அட்டை இருந்தது. ஒரு மூலையில் குழம்புக் கறை.

சாமுவேல், அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். இந்தத் திங்கட்கிழமை ஜெபம் ரூத்துக்கு. பலகாரம் எனக்கு. பாடம் என்ற வரிக்கு நேரே உன் அட்டை இருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்தாலும் சரி, ஜெபம் வராமல் வந்தாலும் சரி. அன்றைக்குச் சொல்ல வந்ததை நீ முழுதாகச் சொல். நீ முடிக்கும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன்.