ஸ்டெல்லா அக்கா திருப்பிப் பார்த்த இலை

ஸ்டெல்லா அக்கா காலமான செய்தி வந்தபோது, நான் மொட்டைமாடியில் அவர்களுடைய உருளைக்கிழங்குச் செடிகளுக்கு வேப்பெண்ணெய் தெளித்துக்கொண்டிருந்தேன். மாத்தூரிலிருந்து அவர்களுடைய மகள் பேசினார். "நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்று நிறுத்தினார். பிறகு, "காலைலகூட செடி எப்டி கீதுன்னு உன்ன கேக்கச் சொன்னாங்கம்மா" என்றார்.

எண்ணூரில் எனக்குக் கீழ்வீடு அவர்களுடையது. தெருமுனையில் சிப்ஸ் கடை நடத்தினார்கள். வேலைக்காக வந்து தனியாகத் தங்கிய எனக்கு, பேச்சுத்துணை என்றால் அவர்கள்தான். "வாழ்நாளெல்லாம் உருளைய சீவினு கீறேன், அதோட செடிய ஒரு தபா கூட பாத்ததில்ல" என்று சொல்லி, முளைவிட்ட கிழங்குகளைக் கடையின் காலிச் சாக்குகளில் மண் போட்டு நட்டார்கள்.

போன வருடம் இலைகளின் ஓரம் மஞ்சளாகி, தீய்ந்ததுபோலச் சுருண்டது. எங்கள் பக்கத்தில் துணி கறுத்தாலும் இருமல் வந்தாலும் அனல்மின் நிலையப் புகைதான் காரணம். "நம்மளே துன்றோம் பொகைய. செடி இன்னா பண்ணும் பாவம்" என்று அத்தனையையும் பிடுங்கிப் போட்டார்கள்.

இந்த முறையும் அதே தீய்ச்சல். பிடுங்கக் கை வைத்த அக்காவிடம், "பக்கத்துல கற்பூரவள்ளி பச்சையா இருக்கே அக்கா, புகை அத மட்டும் விட்டுடுமா?" என்று கேட்டேன். அவர்கள் ஓர் இலையைத் திருப்பினார்கள். அடியில், இலையின் நிறத்திலேயே, அரிசியிலும் சிறிதாக ஒன்று ஓடியது.

"ஐய, நண்டு மாரி சைடுல ஓடுது பாரு கண்ணு."

தத்துப்பூச்சி. சாற்றை உறிஞ்சி இலையைத் தீய்த்துவிடும் என்று படித்துச் சொன்னேன். அக்கா சிரித்தார்கள். "பொகைன்னா யாராண்ட போய் சண்ட போடறது? இது கைல மாட்டுது."

எண்ணெய் டின் மூடியில் மஞ்சள் பெயின்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவி, சாக்குகளுக்கு நடுவே கட்டினார்கள். பூச்சிகள் அதில் ஒட்டின. காலையில் இலைகளைத் திருப்பிப் பார்ப்பது அவர்கள் வேலை. சாயங்காலம் சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிப்பது என் வேலை. புதிய இலைகள் பச்சையாகவே விரிந்தன.

மாடி ஏறும்போது அவர்களுக்கு மூச்சு வாங்கும். பாதிப் படியில் நின்று, "பொகை கண்ணு, வேற இன்னா" என்பார்கள். நானும் தலையாட்டுவேன். செடி விஷயத்தில் ஏமாந்த பிறகும், அந்தப் பதிலை நாங்கள் சந்தேகப்படவில்லை. இதயம் வெகுநாளாகவே பலவீனமாக இருந்தது என்று மருத்துவர் சொன்னதாக மகள் பிறகுதான் சொன்னார்.

பொங்கல் விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க மாத்தூருக்குப் புறப்பட்ட அக்கா, "நா வந்துதான் தோண்டணும். மொத கெழங்கு நம்ம ரெண்டு பேருக்கு. கடைக்கு கெடையாது" என்றார்கள்.

இன்னும் தோண்டவில்லை. காலை வேலையும் இப்போது என்னுடையது. இன்று எந்த இலையிலும் எதுவும் ஓடவில்லை. அதைச் சொல்ல, பழக்கத்தில் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே எட்டிப் பார்த்தேன். வாசலில் பூட்டு தொங்கியது.

இனிப் பாதிப் படியில் நிற்காமல் ஏறிப் போங்கள், அக்கா.